லிட்டருக்கு ஏழு

“அவ டீசல் களவாங்குதா சாரே. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”

கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மேனேஜர் தாணுமாலயனின் மேசைமேல் குனிந்து சொன்னார் சுடலைக்கண்ணு.

“யாரு அண்ணாச்சி?”

“பொன்செல்விதான். பம்புல வண்டிக்கு அடிக்கும்போதே அஞ்சு லிட்டர் கேன்லயும் பிடிக்கா. சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சுக் கொண்டு போறா. பின்ன எதுக்கு?”

கரமனையில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கம்பெனி அது. கல்யாணமோ கோயில் திருவிழாவோ, கூப்பிட்ட இடத்துக்கு டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டரைப் பிக்கப் இழுத்துக்கொண்டு போகும். ஆறு பிக்கப், ஆறு டிரைவர். எல்லோருக்கும் மூத்தவர் சுடலைக்கண்ணு, அம்பத்தாறு வயது. பொன்செல்வி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. டிரைவர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

மூன்று மாதத்துக்கு முன்னால் முதலாளி ஓர் உத்தரவு போட்டிருந்தார். டிரெய்லர் இழுத்தாலும் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கிடைத்தாக வேண்டும். ஏழுக்குக் கீழே போனால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு டிரைவர் வீட்டுக்குப் போகலாம்.

சுடலைக்கண்ணு போனதும் தாணுமாலயன் ரிஜிஸ்டரைப் புரட்டினார். பொன்செல்வி 7.1. போன மாதமும் 7.1. அதற்கு முந்தின மாதம் 7.2. வேலை போகாத அளவுக்குக் கச்சிதமாக ஏழைத் தாண்டி நின்றது.

களவிலும் என்ன ஒரு கணக்கு!

மறுநாள் வித்துராவில் ஒரு கல்யாணம். பொன்செல்வி வண்டியை எடுக்கும்போது தாணுமாலயன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“சாரும் வாரீங்களா?”

“பார்ட்டியப் பாக்கணும். முதல்ல டேங்க நிரப்பு.”

கிளம்புமுன் வண்டி டயர்களோடு டிரெய்லர் டயர்களுக்கும் அவள் காற்று பார்த்தாள். நெடுமங்காடு தாண்டி ஏற்றம் வந்தது. முன்கூட்டியே வேகம் பிடித்து, இன்ஜின் முனகுவதற்குள் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக மிதித்து ஏறினாள். தூரத்தில் பஸ் நிற்பது தெரிந்தால் அங்கிருந்தே காலை எடுத்துவிடுவாள். பிரேக் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பின்னால் ஒரு டன் ஜெனரேட்டர் வருகிற சுவடே இல்லை.

இருபது வருஷமாக டிரைவர்களைப் பார்த்த தாணுமாலயன், வந்த காரியத்தை மறந்து அவள் காலையே கவனித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, அதே பம்பில் மறுபடியும் டேங்க்கை நிரப்பச் சொன்னார். எண்பத்தொரு கிலோமீட்டர். ஒன்பது லிட்டர் பிடித்தது.

லிட்டருக்கு ஒன்பது! டிரெய்லரோடு வேறு யாரும் எட்டைத் தாண்டியதில்லை. ஆனால் ரிஜிஸ்டரில் இவள் கணக்கு ஏழு. மாசத்துக்கு இருபத்தைந்து லிட்டருக்கு மேல் எங்கேயோ போகிறது.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணி. டிரைவர்கள் எல்லோரும் சாயா குடிக்க எதிர்க்கடைக்குப் போயிருந்தார்கள். பம்பிலிருந்து வந்த பொன்செல்வி, சீட்டுக்கு அடியிலிருந்து கேனை எடுத்தாள். ஷெட் தூணுக்குப் பின்னால் நின்று தாணுமாலயன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தன் ஸ்கூட்டரைத் தாண்டிப் போனாள். கேட் பக்கமும் போகவில்லை. கடைசியில் நின்ற பழைய பிக்கப்பின் டேங்க் மூடியைத் திறந்தாள். புனலை வைத்து நிதானமாக ஊற்ற ஆரம்பித்தாள்.

அது சுடலைக்கண்ணுவின் வண்டி.

“பொன்செல்வி!”

திடுக்கிட்டாள். ஆனாலும் ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

“அண்ணாச்சியும் இதுக்குக் கூட்டா?”

“ஐயோ, அவருக்கு ஒண்ணும் தெரியாது சாரே. இந்த வண்டி ஆறுக்கு மேல தராது. இன்ஜெக்டர் போச்சு, விடுற புகையப் பாத்தாலே தெரியும். அண்ணாச்சி பதமாத்தான் ஓட்டுதாரு. வண்டி குடிச்சா அவரு என்ன செய்வாரு? மூணு மட்டம் கம்ப்ளெயின்ட் புக்குல எழுதிட்டாரு.”

மூன்று தடவையும் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது தாணுமாலயன்தான்.

“அதுக்கு நீ உன் மைலேஜ எடுத்து ஊத்துவியா? ஏழுக்குக் கீழ போனா உனக்கும் வேல இல்ல, தெரியும்லா?”

“அதனாலதான் சாரே பாத்துப் பாத்து ஓட்டுதேன். நான் எவ்வளவு மிச்சம் பிடிக்கேனோ, அவ்வளவுதான் இங்க ஊத்த முடியும். இனி எனக்கே வேல போனாலும், வேற எங்கயாவது ஒரு வண்டி கிடைக்கும். அவர இந்த வயசுல யாரு கூப்பிடுவா?”

தாணுமாலயன் போனை எடுத்து வொர்க்‌ஷாப்பைக் கூப்பிட்டார். பழைய பிக்கப்பை இன்றைக்கே கொண்டுபோய் இன்ஜெக்டர் மாற்றச் சொன்னார். போனை வைத்த பிறகும் ஒரு விஷயம் மனதை அரித்தது.

“உன்மேல களவுப் புகார் தந்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

பொன்செல்வி காலிக் கேனை மூடிக்கொண்டே எதிர்க்கடைப் பக்கம் பார்த்தாள். சுடலைக்கண்ணு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைக் கடக்க நின்றுகொண்டிருந்தார்.

“தெரியும் சாரே. நான் கேன்ல பிடிச்சத அவரு பாத்துட்டாரு. ஆனா இது அவரு வண்டிக்குத்தான்னு மட்டும் சொல்லிராதீங்க. மனுஷன் தாங்க மாட்டாரு.”