மூன்று வினாடி வளைவு

எங்கள் வெல்டிங் ரோபோ ஒரு சட்டத்தை முடிக்க நாற்பத்தைந்து வினாடி எடுத்தது. சாயங்காலத்துக்குள் அதை நாற்பத்திரண்டாகக் குறைக்காவிட்டால் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்துவிடும்.

நான்காவது வெல்டு முடிந்ததும் அதன் கை வெறும் காற்றைச் சுற்றி வளைந்து போவதைக் கவனித்தேன்.

"யாருக்கு இவ்வளவு மரியாதையா ஒதுங்கிப் போகுது?" என்று ஆபரேட்டர் அக்காவிடம் கேட்டேன்.

"நான் சேர்ந்த நாள்லேர்ந்து அப்படித்தான். மாமியார் உக்காந்திருக்காங்களோ என்னமோ."

பாதையை நேராக்கி ஓட்டினேன். கை நடுவில் நின்றது. திரையில் 'மோதல்' என்று வந்தது. மூன்று முறை ஓட்டியும் அதே இடத்தில் நின்றது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு அக்கா ரோபோவைச் சுற்றியிருந்த கம்பிக் கூண்டுக்குள் போய்த் தன் கையை வீசிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெளியே வந்து, கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் கொஞ்சம் வெளிய வாங்க. எங்க பொழப்பு போகுது!"

சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மறுபடி ஓட்டினேன். நாற்பத்திரண்டு வினாடி.

அக்கா என் வலப்பக்கம் நின்று கைதட்டினார். அப்போது பாகங்கள் ஏற்றிவரும் ஆளில்லா வண்டி எங்களை நோக்கி வந்தது. என் இடப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு, மெல்ல வளைந்து போனது.