ஐஸ் வண்டியில் மகாராணி

"வண்டியை எடுங்க! மகாராணியைத் தூக்கிட்டுப் போறாங்க!"

மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள் கடல் ஆராய்ச்சிக்காரி. ஒரு காலில் அவளுடைய செருப்பு, இன்னொரு காலில் கணவனுடையது. பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் வாய் நிறைய நுரையோடு சாவியைத் தேடினான்.

வாசலில் மாமியார் மறித்தார். ஊரிலிருந்து போன வாரம்தான் வந்திருந்தார். காலை நடை முடித்து, தோளில் துணிப்பையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

"நல்லவேளை, உன்னைத்தான் பார்க்க வந்தேன். ஒரு விஷயம் சொல்லணும்மா."

"அப்புறம் அத்தை!"

"ரெண்டே வார்த்தை..."

"உயிர் போற அவசரம் அத்தை!"

"அப்போ நானும் வர்றேன். வழியில சொல்றேன்." பின் இருக்கையில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டுவிட்டார். இறக்கிவிட நேரமில்லை.

மகாராணி ஒரு கொம்பன் சுறா. சுத்தியலைக் கழுத்தில் மாட்டியதுபோல் தலை குறுக்கே நீண்டிருக்கும் சாதி. இந்தக் கடலில் அந்த இனம் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. மகாராணியின் முதுகுத் துடுப்பில் கம்பி நீட்டிய ஒரு சின்னக் கருவியைத் திருகி விட்டவள் ஆராய்ச்சிக்காரிதான். காற்றுப் பட்டால் போதும், அது செயற்கைக்கோளுக்குச் சேதி சொல்லும். மடிக்கணினித் திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று விழும்.

மகாராணி இப்போது நிறைசூலி. கழிமுகத்தில்தான் குட்டி போடுகிறாள் என்று காட்டிவிட்டால், அங்கே வலை போடத் தடை வந்துவிடும். மற்றக் கொம்பன்களும் பிழைத்துக்கொள்ளும். காட்டுவதற்கு மகாராணியை விட்டால் வேறு நாதியில்லை. அவளுடைய புள்ளி இன்று காலை கடலை விட்டுக் கரையேறி, கடைத்தெருப் பக்கம் வந்து நின்றது. சுறாவுக்குக் கால் முளைக்காது. யாரோ பிடித்துவிட்டார்கள்.

"நம்ம தெருமுனைக் கடைத்தெருவுலதான் காட்டுது. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்றாள்.

அவர்கள் கடைத்தெருவுக்குள் நுழைந்த அதே நேரத்தில், மீன் கடை வாசலிலிருந்து மீன் ஏற்றும் வெள்ளை ஐஸ் வண்டி ஒன்று கிளம்பியது.

"அதோ! அதை விடாதீங்க!"

ஐஸ் வண்டி பாலம் ஏறியது. இவர்களும் ஏறினார்கள். திரையில் புள்ளி விழுந்தது, பாலத்தின் மேல். ஐஸ் வண்டி பஸ் நிலையத்தைத் தாண்டியது. புள்ளியும் தாண்டியது.

"அவனேதான்! மாட்டிக்கிட்டான்!" அவள் திரையைத் தட்டிக் கத்தினாள். பிடித்தவனைப் பிடித்துவிட்டோம் என்ற வெறி ஒரு பக்கம், மகாராணி போய்விட்டாளே என்ற துக்கம் ஒரு பக்கம்.

"உன் மகாராணி எவ்வளவு பெருசு?" என்றார் மாமியார்.

"நம்ம கார் நீளம் அத்தை. வயிறு நிறையக் குட்டிங்க."

"அடப்பாவி! புள்ளத்தாச்சி மீனையா? அவன் விளங்குவானா? கட்டையில போறவன்! டேய், என்னடா உருட்டுற? மிதிடா!"

"அம்மா, சிவப்பு விளக்கு."

"விளக்கு கிடக்கட்டும்!"

வேகமாய்ப் போனால் தலை சுற்றுகிறது என்று நேற்றுவரை மகனைத் திட்டிக்கொண்டிருந்தவர் இந்த அம்மாள்தான். கணவன் நுரையை விழுங்கினான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஐஸ் வண்டி நின்றது. கார் அதன் குறுக்கே போய் நின்றது. மூன்று பேரும் குதித்து இறங்கினார்கள்.

"என்னம்மா இது, பட்டப்பகல்ல வழிப்பறியா?" என்றான் ஐஸ் வண்டிக்காரன்.

"கதவைத் திற! உள்ள என்ன இருக்கு?"

திறந்தான். மத்தி. பெட்டி பெட்டியாய் மத்தி. மாமியார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை ஐஸுக்குள் கையை விட்டுத் துழாவினார். "அடியில ஒளிச்சு வெச்சிருப்பான். விடாதே."

"கார் நீளத்துக்கு ஒரு மீனை இதுல எங்க பாட்டி ஒளிக்கிறது?"

"யாருக்கு யாருடா பாட்டி?"

காருக்குள் மடிக்கணினி 'டிங்' என்றது. ஓடிப்போய்ப் பார்த்தாள். புள்ளி ரயில்வே கேட்டின் மேலேயே விழுந்திருந்தது. இங்கேதான். ஆனால் இங்கே மத்தியைத் தவிர ஒன்றுமில்லை.

"போச்சு அத்தை. எங்கேயோ வெட்டிப் போட்டுட்டாங்க." அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டே அழுதாள். கேட்டில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"அழாதேம்மா. இரு, கை விறைச்சுப் போச்சு, துடைச்சுக்கிட்டு வர்றேன். இதைக் கொஞ்சம் பிடி." துணிப்பைக்குள் துண்டைத் தேடிய மாமியார், மேலே இருந்ததை எடுத்து மருமகளின் மடியில் வைத்தார்.

உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு சாமான். உச்சியில் மீசை மாதிரி ஒரு கம்பி.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தி பட்ட தடமே இல்லை. திருகாணிகள் உப்பில் அரித்துத் தாமாகவே கழன்றிருந்தன.

"அத்தை! இது... இது எங்க கிடைச்சுது?"

"கழிமுகத்துல. நடக்கப் போனேன்ல, அலை ஒதுக்கிப் போட்டிருந்துச்சு. யார் வீட்டு ரேடியோவோ, அதை விடு. அங்க முழங்கால் தண்ணியில, முழ நீளத்துக்குக் குட்டி மீனுங்க, கூட்டம் கூட்டமா! ஒவ்வொண்ணுக்கும் தலை சுத்தியலாட்டம் குறுக்க நீண்டிருக்கு! காலையிலேருந்து அதைத்தானே சொல்ல வர்றேன், நீ எங்க சொல்ல விட்டே?"