பூட்டிய கதவு

மரியபுஷ்பம் வீட்டைப் பூட்டிவிட்டுப் புயல் முகாமுக்குப் போயிருந்த நேரத்தில், கடலிலிருந்து எழும்பி வந்த சுழல்காற்று கூரையையும் சுவரையும் வாரிக்கொண்டு போய்விட்டது. வாசலில் நின்ற கிழட்டுப் பூவரசும் சாய்ந்துவிட்டது. பூட்டிய கதவு மட்டும் நிலையோடு விறைத்து நின்றது.

வெள்ளாட்டுக்குக் கொண்டாட்டம். அதுவரை எட்டாத பூவரசங்கொழுந்தை வயிறு முட்ட மேய்ந்துவிட்டு, அடுப்படி இருந்த இடத்தில் வந்து படுத்துக்கொண்டது.

"சுவரே இல்ல. எதைக் காவல் காத்துக்கிட்டு நிக்கிற?" என்று கதவைக் கேட்டது.

"வீட்டைத்தான்" என்றது கதவு. உள்ளுக்குள் அதற்கும் சந்தேகந்தான்.

மறுநாள் மரியபுஷ்பம் வந்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தாள்.

"ஏய், வீட்டுக்குள்ள ஒனக்கு என்ன சோலி?" என்று ஆட்டை அதட்டினாள்.

ஆடு பதறியடித்துக்கொண்டு வெளியே ஓடியது. கதவு வழியாகத்தான்.