ஏழாவது வரி

பெயருக்குத்தான் என்னை இந்தக் குழுவுக்குள் இருத்தி வைத்திருக்கிறார்களோ? சுகிர்தாவின் முழங்கால்கள் வகுப்பறையின் சின்ன மேசையில் இடிபடுகின்றன. பூட்டிய ஜன்னலில் மழை வழிகிறது. ஹீட்டர் வெக்கையில் மூச்சு முட்டுகிறது. பள்ளி நிர்வாகக் குழு வெலிங்டனிலுள்ள கல்வி அமைச்சுக்கு அனுப்பும் கோரிக்கைகளில் முதல் வரி கம்ப்யூட்டர்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஏழாவது வரியில். அந்த வரி வரைக்கும் பணம் எட்டாதென்று எல்லாருக்கும் தெரியும். இந்தக் கோரிக்கைக்குத் தமிழ்ப் பெற்றோரிடம் அவள் கையெழுத்து வாங்கித் தரவேண்டுமாம். தலைவர் தாள்கட்டை அவள் பக்கம் நகர்த்துகிறார்.

"பள்ளிக்கூடக் கடிதமெண்டா எங்கட சனம் வாசிக்காமலே கையெழுத்து வைக்கும், தங்கச்சி," என்று பக்கத்திலிருக்கும் யோகராஜா சிரிக்கிறார். "போற வீடெல்லாம் உங்களுக்குத் தேத்தண்ணியும் கிடைக்கும்."

"ஓம் அண்ணை, வாசிக்காமல்தான் வைப்பினம்." கட்டைத் தொடாமல் கைகளை மடியில் கோத்துக்கொள்கிறாள். "அதாலதான் நான் போகமாட்டன்."