காவலுக்கு நின்ற பலகை

அரசு நிதியில் பூங்கா புதுசாகிவிட்டது. ‘புல்லில் கால் வைக்காதே’ என்று எழுதிய பலகைக்குத் தலைகால் புரியவில்லை. பந்தும் மட்டையுமாக வந்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள்.

“பார்த்தாயா, உன்னை எப்படிக் காப்பாற்றுகிறேன்!” என்றது பலகை.

“போன வருஷம் இந்தப் பிள்ளைகள் மிதித்தே நான் வெறும் சொட்டையாகக் கிடந்தேன், அண்ணே. ஆனாலும் இப்படிப் போரடித்ததில்லை,” என்றது புல்.

பலகைக்குச் சுருக்கென்றது. மறுநாள் லேசாகக் காற்றடித்ததும், இதுதான் சாக்கென்று தொப்பென்று விழுந்து படுத்துக்கொண்டது.

தடுக்க ஆளில்லை என்று ஓடி வந்த பிள்ளைகள், அதையே தூக்கிப் புல் நடுவே ஸ்டம்பாக நட்டார்கள். முதல் பந்தே அதன் நெஞ்சில் வந்து மோதியது.

“அவுட்!” என்று எல்லோருக்கும் முன்னால் கத்தியது பலகை.