ஆணிச் சத்தம்

"எந்தச் சத்தம் கேட்டா தோண்டாம விட்டுடுவீங்க?" என்று கேட்டாள் மனைவி.

புதையல் தேடி மெட்டல் டிடெக்டரும் கையுமாகத் திரியும் கணவனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"கர்ர் கர்ர்னு விட்டு விட்டுக் கத்தினா துருப்பிடிச்ச ஆணி. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். தங்கம்னா, எந்தப் பக்கமிருந்து மெஷினை ஆட்டினாலும் ஒரே மாதிரி கணீர்னு கேக்கும்."

"அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தாள்.

மறுவாரம் அவன் பீரோவைக் குடைந்தான். "உன் தங்க வளையல் எங்க? வித்துட்டு இதைவிடப் பெரிய மெஷின் வாங்கணும்."

"பூப் பறிக்கிறப்ப தோட்டத்துல கழண்டு விழுந்துடுச்சு போலிருக்குங்க."

"நான் எதுக்கு இருக்கேன்!"

தோட்டத்தையே சலித்தான். ரோஜாச் செடியடியில் கர்ர், கர்ர்.

"ஆணி!" என்று அலட்சியமாக நகர்ந்தான்.

அவள் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வளையலைப் புதைத்து அதன்மேல் பரப்பிய ஆணிகள் இன்னும் கொஞ்சம் துருப்பிடிக்கட்டும்.