முயலுக்கு வைத்த மிளகாய்த்தூள்

அந்த யூலைக் குளிர் அவுஸ்திரேலியாவின் வெரிபீயில் புல்லையே கருக்கிவிட்டது. பசித்த முயல்கள் பக்கத்து வீட்டு ரோசாச் செடிகளின் பட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.

கதிர்காமநாதனின் உயிர் முன்வளவுக் கறிவேப்பிலைச் செடியில் இருந்தது. முதல் இரண்டும் குளிரில் செத்து, மூன்றாவதாகப் பிழைத்த ஒற்றைச் செடி. வைகாசி தொடக்கம் ஆவணி வரை யாரும் ஒரு இலை ஆயக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஆனாலும் இலை குறைந்துகொண்டே வந்தது.

"முயல்தானப்பா. நான் கண்ணாலே கண்டனான்," என்றாள் மனைவி வசந்தினி.

கம்பிவலை அடித்தார். பிறகும் குறைந்தது.

"பாஞ்சிருக்கும்," என்றபடி சொதியை ஊற்றினாள்.

சொதி கமகமத்தது. கடையில் வாங்கிய உறைந்த இலைக்கு இவ்வளவு வாசமா என்று மெச்சிக்கொண்டு, ஒரு இலையையும் ஒதுக்காமல் மென்று விழுங்கினார். பிறகு போருக்குப் புறப்பட்டார்.

இணையத்தில் சொன்ன எதையும் விடவில்லை. சலூனில் அள்ளிவந்த தலைமயிரைத் துணியில் முடிந்து கொப்பில் கட்டினார். மனித வாடைக்கு முயல் அண்டாதாம். அடியில் எலும்புத்தூள் தூவினார். மழை கழுவிவிடாமல் எண்ணெயில் குழைத்த மிளகாய்த்தூளை இலைகளில் தடவினார்.

மறுநாள் காலை, எதிர்வீட்டு வெங்கட்ராமன் வாசலில் நின்றார். ஐ.டி. மேனேஜர். செடிப் பக்கம் திரும்பவே பயந்தார்.

"அங்கிள், உங்க லெட்டர்பாக்ஸை இடிச்சது என் கார்தான். புதுசு வாங்கித் தர்றேன். அந்த முடிச்சை மட்டும் அவுத்துடுங்க. பையனுக்கு நேத்து ராத்திரியிலேருந்து காய்ச்சல்."

தலைமயிர், எலும்பு, சிவப்புத் தூள். கதிர்காமநாதனுக்கு மெல்ல விளங்கியது. விளங்கியதும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"பாப்பம்," என்றார்.

பத்து மணிக்கு மூலை வீட்டுப் பவளராணி, இரண்டு வருசத்துக்கு முன் இரவல் கொண்டுபோன இடியப்ப உரலோடு வந்து மன்னிப்புக் கேட்டார். லெட்டர்பாக்ஸை இடித்தவரைப் பொலிசில் முறையிட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை; அதை ஒரு பிடி மயிர் முடித்துவிட்டதே என்று இவருக்குப் பெருமை தாங்கவில்லை. இனி முயல் மட்டும்தான் பாக்கி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் சொதி உள்ளே போனதுதான் தாமதம், இருமி இருமிக் கண்ணீர் வந்துவிட்டது.

"என்னப்பா இது? சொதி இப்பிடி உறைக்குது!"

வசந்தினி சிவந்து வீங்கிய விரல்களை நீட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"காலமை தொடக்கம் கை எரியுது. முதல் நானும் நம்பேல்லை. அதுகள் ரெண்டும் வந்து கதைச்ச பிறகுதான் பயம் பிடிச்சது. உங்கட செய்வினை பலிச்சிட்டுது. முடிச்சை அவிழுங்கோ!"

"விசரே உமக்கு? அது முயலுக்கு வச்சது!"

"முயல் ஒருநாளும் வரேல்லையப்பா. ஆய்ஞ்சது நான், திண்டது நீங்கள்."